ஜோடி இல்லாமல் உள்ளே போகக்கூடாது

மூடிய இடத்தில் தனக்கு மூச்சு முட்டும் என்பதை இராமலிங்கம் நாற்பது வயதை நெருங்கும்வரை தனக்குத்தானே ஒத்துக்கொண்டதில்லை. பஸ்ஸில் ஏறினால் படிக்கட்டுக்குப் பக்கத்து சீட்தான். சினிமாவுக்குப் போனால் கதவோரம். கார்த்திகை தீபத்துக்கு உறவுக்காரர்கள் வந்து குவியும்போது, எல்லாரையும் கோயிலுக்குள் அனுப்பிவிட்டு, செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று கோபுரத்துக்கு வெளியிலேயே நின்றுவிடுவான். கிரிவலப் பாதையில் இடுக்குப் பிள்ளையார் கோயிலில் ஊரே ஒருக்களித்துப் படுத்து நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வரும். அவனுக்கு மட்டும் அந்த நேரம் பார்த்து இடுப்பு பிடித்துக்கொள்ளும். இதற்கெல்லாம் ஒரு காரணமும் கிடையாது. சின்ன வயதில் அவன் எதிலும் விழவில்லை, யாரும் அவனை எங்கேயும் பூட்டிவைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு சாக்கு அகப்பட்டது. சாக்குகளை வைத்தே இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டான்.

வேங்கிக்காலில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் மண்ணையும் தண்ணீரையும் சோதிக்கிற வேலையில் இருந்தான். 2004 பொங்கல் முடிந்ததும் அதை மூடிவிட்டார்கள். மனைவி ரேணுகாம்பாளின் அண்ணன் அப்பாசாமி யார் யாரையோ பார்த்து, சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு கம்பெனியில் அவன் பெயரைச் சேர்த்துவிட்டார். செங்கத்துக்கு அப்பால், மலையடிவாரத்தில், கல்லாத்துக்கொல்லை என்கிற ஊரை ஒட்டி ஒரு பெரிய மைதானம் முள் மண்டிக் கிடந்தது. ராணுவம் பல காலம் சுடும் பயிற்சிக்கு வைத்திருந்து கைவிட்ட இடம். வெடிக்காமல் கிடந்த குண்டுகளை ராணுவத்தின் ஆட்களே வந்து பொறுக்கி எடுத்துப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது மண். காலாவதியான வெடிமருந்தைக் குழியில் கொட்டி எரித்த இடங்களில் அந்த மண் ஈயமும் சாம்பலும் ரசாயனமுமாகக் கறுத்துப்போயிருந்தது. மழை பெய்தால் அது ஊர்க் கிணறுகள் பக்கம் இறங்கியது. அந்த மண்ணை அள்ளி, கசியாமல் கட்டி, வேறிடம் கொண்டுபோவது கம்பெனி எடுத்திருந்த காண்ட்ராக்ட். மூன்று வருஷத்துக்குக் குறையாத வேலை. முதலில் பயிற்சி, அதில் தேறியவர்களுக்கு மட்டும்தான் வேலை.

பயிற்சி செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்தைத் தாண்டி ஒரு கெஸ்ட் ஹவுசில் நடந்தது. மாடி அறைகளில் வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். கீழே ஹாலில் மின்விசிறி கடகடக்க சக்கரவர்த்தி பாடம் எடுப்பார். ராணுவத்தின் பொறியாளர் பிரிவில் மேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆரணிக்காரர். தமிழும் இங்கிலீஷும் இந்தியும் கலந்து பேசினாலும் சொல்கிற விஷயம் தெளிவாக இருக்கும்.

"ஒரு சரக்கு எவ்ளோ கெட்டதுன்றது பாதி விஷயம்தான்" என்பார். "அது யார்கிட்ட, எந்த வழியா, எவ்ளோ போய்ச் சேருதுன்றது மீதி. அந்த வழிய கண்டுபிடிக்கிறவன்தான் இந்த வேலைக்கு லாயக்கு."

அதில் இராமலிங்கம் கெட்டிக்காரனாக இருந்தான். கல்லாத்துக்கொல்லையின் ஆடுகள் கோடையில் வேலமரக் காயைத் தின்னக் குழிகளுக்குப் பக்கத்தில் போகின்றன, அங்கே படிந்த தூசி ஆட்டின் வயிற்றுக்குப் போகிறது, அந்தப் பால் குழந்தைகளுக்குப் போகிறது என்று அவன் கணக்குப் போட்டுக் காட்டியபோது, கிணற்றை மட்டும் நினைத்துக்கொண்டிருந்த மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாசி மாதம் முழுவதும் அவன் சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போய் வந்தான்.

பங்குனியில் உடுப்பை எடுத்தார்கள். தலை முதல் கால்வரை மூடுகிற, தையல் தெரியாத வெள்ளை உடுப்பு. முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ். இரண்டு அடுக்கு கையுறை. முகம் முழுவதையும் கவ்விக்கொள்கிற முகமூடி, அதன் கன்னங்களில் காற்றைச் சலிக்கிற இரண்டு டப்பா. எல்லாம் மாட்டியபின் மணிக்கட்டையும் கணுக்காலையும் கழுத்தையும் இன்னொருவர் டேப் போட்டு ஒட்டவேண்டும். மாட்டிக்கொண்டவர் தானாக லேசில் கழற்ற முடியாது. முகமூடியின் மேற்கண்ணாடிக்குள் தன் மூச்சின் சத்தத்தை முதல்முறை கேட்டபோது இராமலிங்கத்துக்குக் காதுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டது. பற்களைக் கடித்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மலையையே பார்த்துக்கொண்டு நின்றான். கழற்றியபோது உள்பனியனைப் பிழியலாம் போலிருந்தது. எல்லாருக்குமே அப்படித்தான் இருந்தது, வெயில் காலம். யாரும் கவனிக்கவில்லை.

சக்கரவர்த்தி திரும்பத் திரும்பச் சொன்ன விதி ஒன்றுதான். சிவப்பு நாடா கட்டிய எல்லைக்குள் ஜோடி இல்லாமல் யாரும் போகக்கூடாது, ஜோடியை விட்டுவிட்டு யாரும் வரக்கூடாது. முகமூடிக்குள் பேசினால் கேட்காது என்பதால் சைகைகள் கற்றுக்கொடுத்தார். கட்டைவிரலைத் தூக்கினால் நன்றாக இருக்கிறேன். தலைமேல் இரண்டு கையையும் வைத்தால் உதவி வேண்டும். இராமலிங்கத்தின் ஜோடி அபிநயா. போளூர்ப் பெண், சுற்றுச்சூழல் படித்துவிட்டு வந்தவள், குழுவில் ஒரே பெண். பையன்கள் தங்களுக்குள் ஜோடி சேர்ந்துகொண்டதில் மிஞ்சியவர்கள் இவர்கள் இருவரும். அவள் அவனை அண்ணா என்று கூப்பிட்டாள். டேப்பைச் சுருக்கம் விழாமல் ஒட்டுவாள். அவன் முகம் வெளிறுவதைப் பார்த்தால் வெயிலைத் திட்டுவாள்.

கடைசிப் பரீட்சை நிஜ இடத்திலேயே வைத்தார்கள். மைதானத்தின் ஓரத்தில், பழைய எரிகுழி ஒன்றிலிருந்து மண் எடுத்து வரவேண்டும். நடுவில் ஒரு நீளமான மண்மேடு, சுடும் குண்டுகளைத் தடுக்க ராணுவம் கொட்டிவைத்தது. அதன் இந்தப் பக்கம் கழுவும் வரிசை: தொட்டிகள், பிரஷ்கள், சக்கரவர்த்தி. அந்தப் பக்கம் குழி. மேட்டின்மேல் நின்று இரு பக்கமும் பார்க்கவேண்டிய ஆள், வேறொரு ஜோடி வாளியைக் கவிழ்த்துவிட்டதில் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குழிக்குள் இறங்கி இராமலிங்கம் மண்ணைச் சுரண்டி ஜாடியில் போட்டான். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டே செய்தான். மேற்கண்ணாடியில் ஆவி படிந்தது. மூடியைத் திருகி நிமிர்ந்தபோது அபிநயா மண்டியிட்டிருந்தாள். என்னவென்று அவன் குனிவதற்குள் அவள் இரண்டு கைகளையும் தூக்கித் தலைமேல் வைத்தாள்.

அவனுக்குள் எல்லாம் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டது. இனி தன்னால் போக முடியாது, இவளைத் தூக்கவேண்டும், இந்த உடுப்புக்குள், இந்தக் குழிக்குள், எவ்வளவு நேரம் என்று தெரியாமல். காற்று வரவில்லை. டப்பாக்கள் இருந்தன, மூச்சின் சத்தமும் கேட்டது, ஆனால் காற்று வரவில்லை. அவன் ஜாடியைப் போட்டுவிட்டு ஓடினான். மேட்டில் கையையும் காலையும் ஊன்றி ஏறினான். இறங்கும்போது இரண்டு முறை விழுந்தான். கழுவும் தொட்டிவரை வந்து, கழுவாமலேயே, டேப்பைப் பிய்த்து முகமூடியைப் பிடுங்கி எறிந்தான். வெறும் காற்று முகத்தில் பட்டதும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். சக்கரவர்த்தி தோளைப் பிடித்து உலுக்கி, அந்தப் பெண் எங்கே என்று கேட்டார். அவனால் மேட்டைக் கைகாட்டத்தான் முடிந்தது.

ஆட்கள் ஓடினார்கள். மேட்டின் உச்சியிலேயே அபிநயா எதிரில் வந்துகொண்டிருந்தாள், தள்ளாடிக்கொண்டு, தானாக. வெயிலில் மயக்கம் வந்திருக்கிறது. உட்கார்ந்து, கொஞ்சம் தெளிந்து, எழுந்து வந்திருக்கிறாள். வேப்பமரத்தடியில் படுக்கவைத்து உப்புப் போட்ட மோரைக் கொடுத்தார்கள். பேச்சு வந்ததும் அவள் சொன்னது இதுதான்:

"நான் தலைல கை வெச்ச உடனே அண்ணா ஓடினாரு சார், ஆள கூட்டிட்டு வர்றதுக்கு. அவரு அவ்ளோ வேகமா ஓடுவாருன்னே எனக்குத் தெரியாது."

சக்கரவர்த்தி இராமலிங்கத்தின் முதுகில் தட்டினார். மறுநாள் வகுப்பில் அதையே பாடமாக்கினார். ஜோடியை விட்டு வரக்கூடாது என்பது விதி, ஆனால் தனியாகத் தூக்க முடியாத நேரத்தில், கூப்பிடும் தூரத்தில் ஆள் இல்லாதபோது, ஓடிவந்து சொல்வதுதான் சரியான முடிவு. முகமூடியைக் கழற்றியதுகூடச் சத்தம் போடுவதற்காகத்தான். சென்னைக்கு அனுப்பிய அறிக்கையிலும் அப்படியே எழுதினாராம். ஹாலில் எல்லாரும் கைதட்டினார்கள். இராமலிங்கம் தலையைக் குனிந்துகொண்டான். அடக்கம் என்று நினைத்தார்கள்.

அபிநயா தன்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்கிறாளோ என்று அவனுக்குச் சந்தேகம். டீக்கடையில் தனியாக இருக்கும்போது, குழியில் நிஜமாக என்ன நினைத்தாய் என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தான். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. "வேற எதுக்குண்ணா ஓடுவீங்க?" என்றாள். நிஜ வேலை தொடங்கும்போதும் இவரோடுதான் உள்ளே போவேன் என்று சக்கரவர்த்தியிடம் ஏற்கெனவே சொல்லிவைத்துவிட்டதாகவும் சொன்னாள்.

சான்றிதழ் வந்த அன்று அப்பாசாமி ஸ்வீட் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். தன் தங்கை மாப்பிள்ளை ஒரு பெண்ணின் உயிரைக் காப்பாற்றிய கதையை, நேரில் பார்த்தவர்போல அக்கம்பக்கத்தில் சொன்னார். இராமலிங்கம் சிரித்துக்கொண்டே லட்டைப் பிட்டான். தேறாமல் போயிருந்தால் தப்பித்திருக்கலாம். இப்போது கையெழுத்தும் போட்டாயிற்று. சித்திரை பிறந்தபின் வேலை. அப்புறம் தினமும் அந்த உடுப்பு, தினமும் அந்தக் குழி, மூன்று வருஷம். ராத்திரியில் போர்வை முகத்தில் பட்டாலே எழுந்து உட்கார்ந்தான்.

பழகிக்கொள்ளலாம் என்று நினைத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டர் ஹெல்மெட்டை மாட்டிக் கண்ணாடியை இறக்கிவிட்டு, பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தான். துணி துவைக்க வந்த ரேணுகாம்பாள் கதவைத் தட்டி, பதில் வராமல், தள்ளித் திறந்து பார்த்தாள். கவிழ்த்த வாளிமேல் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்து முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் ஹெல்மெட்டைக் கழற்றியபின் சிரிக்கவில்லை.

மூடின இடத்தில் பயம் வருகிறது என்று அவளிடம் சொன்னான். ஓடியதைச் சொல்லவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டாள். இவ்வளவுதானா என்று ஆறுதல் சொன்னாள். இதற்குப் போய் வேலையை விட்டால் அண்ணன் முகத்தில் எப்படி முழிப்பது என்றும் சொன்னாள். உள்ளே நுழைந்து வந்தால் பயம் போய்விடும் என்று அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் அவனை இடுக்குப் பிள்ளையாரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

அன்று கூட்டம் கம்மி. பின்வாசலில் அவனுக்கு முன்னால் ஒரு கிழவர் கூட அநாயாசமாக நுழைந்து போனார். இராமலிங்கம் படுத்து, தலையையும் ஒரு தோளையும் உள்ளே விட்டான். கல் இரண்டு பக்கமும் விலாவைத் தொட்டது. எண்ணெயும் விபூதியும் வியர்வையும் கலந்த வாசனை. அதற்குமேல் உடம்பு நகரவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள், மூச்சை விடுங்க, உடம்ப திருப்புங்க என்று யோசனை சொன்னார்கள். முன்பக்கம் சுற்றி ஓடிவந்த ரேணுகாம்பாள் குனிந்து அவன் கையைப் பிடித்து இழுத்தாள், யாரோ பின்னாலிருந்து காலைத் தள்ளினார்கள், முழங்கை உராய்ந்து தோல் போக அவன் வெளியே வந்து விழுந்தான். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா, போயிடுச்சு" என்றாள்.

போகவில்லை என்று அவனுக்குத் தெரியும். அவள் சந்தோஷத்தைப் பார்த்தபின் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

வேலை தொடங்குவதற்கு முந்தைய வாரம் சக்கரவர்த்தியைப் பார்க்கப் போனான். உடுப்பு மாட்டினால் பயமாக இருக்கிறது, வேறு ஏதாவது கணக்கு வேலையாகக் கொடுங்கள் என்று கேட்டான். அவர் கோபப்படவில்லை. அதுதான் மோசமாகிவிட்டது. காபி வரவழைத்தார். தனக்கும் முதல் தடவை கைகால் நடுங்கியதைச் சொன்னார். பயம் இருக்கிறவன்தான் ஜாக்கிரதையாக இருப்பான், நெருக்கடி வந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நானே என் கண்ணால் பார்த்தேன் என்றார். கைகுலுக்கி வாசல்வரை வந்து வழியனுப்பினார். செங்கம் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது இராமலிங்கத்துக்கு எந்தப் பக்கம் போவது என்றே புரியவில்லை. எல்லாரும் அவனிடம் நல்லபடியாக நடந்துகொண்டார்கள். ஒவ்வொருவரும் ஒரு கதவைச் சாத்திவிட்டுப் போனதுபோல இருந்தது.

முதல் நாள் காலை வேனில் போகும்போது அவன் படிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். மைதானத்தில் புதிதாகச் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். முள்வேலிக்கு அப்பால் ஊர்க்காரர்கள் சிலர் வேடிக்கை பார்க்க நின்றார்கள். அவனும் அபிநயாவும் உடுப்பை மாட்டினார்கள். அவள் அவன் மணிக்கட்டுக்கு டேப் போட்டாள், பிறகு கணுக்காலுக்கு. முகமூடியை நீட்டியபோது அவன் அதை வாங்காமல் வேன் நின்ற பக்கம் பார்த்தான்.

"என்னண்ணா, உடம்பு சரியில்லயா? ஜுரமா?" என்றாள். "வேணும்னா இன்னிக்கு உக்காந்துக்கங்க. நான் சார்கிட்ட சொல்லிக்கறேன்."

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். இன்று ஜுரம், நாளைக்கு இடுப்பு. நாளை மறுநாள் ஒரு சாக்கும் கிடைக்காமல் அவளோடு உள்ளே போவான். அவள் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடப்பாள், பின்னால் ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கையில். சித்திரை வெயில் பங்குனி வெயிலைப்போல இருக்காது. ஆட்டுக்கும் குழந்தைக்கும் வழி கண்டுபிடித்துக் கணக்குப் போட்டவனுக்கு இந்தக் கணக்கைப் போட அதிக நேரம் ஆகவில்லை. அவளுக்கு இங்கே வரக்கூடிய பெரிய கேடு மண்ணிலிருந்து வரப்போவதில்லை. அவன்தான்.

"உடம்பு நல்லாதான் இருக்கு" என்றான். "அன்னிக்கு குழியில நீ தலைல கை வெச்சத பாத்தேன். நான் ஆள் கூட்டிட்டு வர ஓடல. எனக்கு மூச்சு முட்டிச்சு, பயந்து ஓடிட்டேன். உன்ன நெனச்சே பாக்கல."

அவள் கையில் டேப் சுருள் அப்படியே நின்றது. "சும்மா சொல்றீங்க" என்றாள்.

"இல்ல. இப்ப உள்ள வந்தாலும் ஓடுவேன்."

பக்கத்தில் உடுப்பு மாட்டிக்கொண்டிருந்த பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். அபிநயாவுக்குக் கண் கலங்கவில்லை, முகம்தான் இறுகிப்போனது. டேப்பை மேசைமேல் வைத்துவிட்டு நேராக சக்கரவர்த்தியிடம் போய், தனக்கு வேறு ஜோடி வேண்டும் என்று கேட்டாள்.

ஆள் கணக்கு இடித்ததால் அன்று அந்தக் குழியில் வேலை நடக்கவில்லை. சக்கரவர்த்தி அவனை மட்டும் ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போனார். போன வாரமே உங்களிடம் வந்து சொன்னேனே சார் என்றான் இராமலிங்கம்.

"பயமா இருக்குன்னு சொன்னீங்க" என்றார் அவர். "ஓடிட்டேன்னு சொல்லல."

அவர் சொன்னது சரி. பாதியைச் சொல்லிவிட்டு மீதியை மற்றவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டிருந்தான். அவர்கள் தங்களுக்குப் பிடித்த பாதியை எடுத்துக்கொண்டார்கள்.

வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள் என்றுதான் நினைத்தான். புது ஆளைத் தேடிப் பயிற்சி கொடுக்க நேரம் இல்லாததால், சம்பளத்தைக் குறைத்து, கழுவும் வரிசைக்கு மாற்றினார்கள். எல்லைக்குள்ளிருந்து வருகிறவர்களின் பூட்ஸைத் தேய்த்துக் கழுவி, டேப்பை வெட்டி, உடுப்பை உள்புறம் வெளியே வரும்படி உரித்து, கடைசியாக முகமூடியைக் கழற்றிவிடுகிற வேலை. பிளாஸ்டிக் முன்சட்டையும் கையுறையும் போதும், முகத்துக்குத் துணி. சுற்றிலும் வெட்டவெளி. அப்பாசாமி விஷயத்தைக் கேள்விப்பட்டபின் அவர்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். ரேணுகாம்பாளிடம் முழுக்கதையையும் சொன்னான்.

"அந்தப் பொண்ணுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் காலையில் வழக்கம்போலச் சாப்பாட்டு டப்பாவைக் கட்டி வைத்தாள். ஆனால் வாசல்வரை வரவில்லை.

பையன்கள் முதலில் கிண்டல் செய்தார்கள். அவன் தொட்டியைத் தாண்டிப் போனால், ஓடிடாதீங்க சார் என்பார்கள். ஆடி மாதத்துக்குள் அது சலித்துப்போய் விட்டுவிட்டார்கள். அபிநயாவின் புது ஜோடி, அதுவரை கழுவும் வரிசையில் இருந்த தசரதன் என்ற பையன். தினமும் இருவரும் மேட்டைத் தாண்டி வருவார்கள். அபிநயா அவன் முன்னால் வந்து கைகளை விரித்து நிற்பாள். அவன் கழுவுவான், வெட்டுவான், உரிப்பான். முகமூடி கழன்றதும் அவனைப் பார்க்காமல் தண்ணீர்ப் பானை இருக்கிற பக்கம் போய்விடுவாள். அண்ணா என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. அவன் எதிர்பார்க்கவும் இல்லை. வரிசையில் காத்து நிற்பவர்களுக்கு அந்தக் கடைசி நேரம்தான் தாங்காது, வெளியே வந்துவிட்டோம் ஆனால் இன்னும் உள்ளேதான் இருக்கிறோம் என்கிற நேரம். அது அவனுக்குத் தெரிந்திருந்ததால், கை தன்பாட்டுக்கு வேலை செய்ய, பூட்ஸ் ஆச்சு, இடது கை ஆச்சு, இன்னும் கழுத்து மட்டும்தான் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருப்பான்.

ஐப்பசியில் ஒருநாள் மழை பிடித்துக்கொள்வதற்குள் குழியை மூட வேண்டும் என்று வழக்கத்தைவிட நேரம் உள்ளே இருந்தார்கள். அபிநயா வந்து நின்றபோது தோள்கள் ஏறி இறங்கின. மேற்கண்ணாடி முழுக்க ஆவி, உள்ளே முகம் தெரியவில்லை. அவன் பூட்ஸில் குனிந்தபோது முகமூடிக்குள்ளிருந்து ஏதோ கேட்டது. நிமிர்ந்து காதைப் பக்கத்தில் வைத்தான்.

"சீக்கிரம்ணா" என்றாள். "எனக்கும் முட்டுது."

அவன் எதையும் விட்டுவிடாமல், ஆனால் அதுவரை செய்யாத வேகத்தில் கழுவி, கழுத்து டேப்பை வெட்டி, வார்களைத் தளர்த்தி முகமூடியை எடுத்தான். அவள் வாயைத் திறந்து ஈரக் காற்றை இழுத்தாள். கொஞ்ச நேரம் அங்கேயே, தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். குடித்துவிட்டு, சொம்பைத் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில், தசரதன் வரத் தாமதமானபோது, அவள் டேப் சுருளை எடுத்துவந்து இராமலிங்கத்திடம் நீட்டி மணிக்கட்டைக் காட்டினாள். அவன் சுருக்கம் விழாமல் ஒட்டினான். பிறகு அவள் தசரதனோடு நாடாவைத் தாண்டி உள்ளே போனாள். அவன் தொட்டிகளில் தண்ணீரை நிரப்பத் தொடங்கினான். இன்னும் இரண்டு வருஷத்துக்கு மேல் அள்ள வேண்டிய மண் அங்கே கிடந்தது.